ஒலியும் இடமும்

வில்லியனூர்த் தேரோட்டம் புதுச்சேரி வட்டாரத்தில் பெயர் பெற்றது. அவ்வூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரைப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைப்பது வழக்கம். பின்னர் ஆட்சி மாறியது, வழக்கம் மாறவில்லை. துணைநிலை ஆளுநர்கள் அதனைத் தொடர்ந்து போற்றி வருகின்றனர். மேளமும் நாதசுரமும் முன்னே செல்ல, தேர் பின்னே அசைந்து வரும் காட்சியை ஒருமுறை கண்டவர்கள் எளிதில் மறவார்கள்.

நான் ஒலிப்பதிவில் ஈடுபாடு உடையவன். சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்தேரோட்டத்திற்குச் சென்று, நாதசுரக்காரர்களுக்கு மிக அருகில் ஒலிவாங்கியைப் பிடித்து, அவர்கள் வாசித்ததைப் பதிவு செய்து வந்தேன். வீட்டிற்கு வந்து கேட்டபோது வாசிப்பு மிகத் தெளிவாக இருந்தது. ஆனால் அதில் இடம் இல்லை. தெருவும் இல்லை, திரளும் இல்லை. அக்குறையைப் போக்க எண்ணிக் கணிப்பொறியில் இருந்த எதிர்முழக்கக் கருவியைத் திறந்தேன். ஐரோப்பாவின் இசையரங்குகளும் மாதாகோயில்களும் அதன் பட்டியலில் நிரம்பியிருந்தன. அவற்றுள் பெரியதொரு மாதாகோயிலைத் தேர்ந்தெடுத்தேன். நாதசுரம் கம்பீரமாக முழங்கிற்று.

மகிழ்ச்சி மிகுந்து, வாசித்த பெரியவரிடமே அதனைக் கொண்டுபோய் ஹெட்போனில் கேட்கச் செய்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இறுதிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "வாசிப்பு என்னுடையதுதான், தம்பி. ஆனால் இது எந்த ஊர்? எங்கள் தேர் இப்படி ஒரு தெருவில் போனதே இல்லையே!" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று விடை இல்லை. விடை தேடப் புகுந்தபோது, ஒலிக்கு இடம் தருவதற்கு மனிதன் செய்த முயற்சிகளின் வரலாறு முழுவதையும் படிக்க நேர்ந்தது. அவ்வரலாற்றின் சுருக்கத்தையும், அதிலிருந்து இன்றைய மாணவர்கள் பெறக்கூடிய பயனையும் இங்கே கூற விரும்புகிறேன்.

இன்று இசையைக் கலவை செய்யும் இளைஞர்கள் 'ஸ்பேஷியல் ஆடியோ' என்று ஒன்றைப் பற்றிப் பேசுகின்றனர். கேட்பவரைச் சுற்றி நாற்புறத்திலிருந்தும், தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் இசையை அமைக்கும் முறை அது. சூழொலி என்று அதனைத் தமிழில் கூறலாம். இவ்வேலைக்குக் கணிப்பொறியில் உள்ள ஒலிப்பதிவு மென்பொருளோடு இணைத்துப் பயன்படுத்தும் சிறு மென்பொருள்கள் பல உண்டு. அவற்றை 'பிளகின்' என்பர். செருகுநிரல் என்பது தமிழ்ப் பெயர். 1996ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் இவற்றுக்கென ஒரு பொது வரையறையை வெளியிட்ட பின்னர், பலரும் பலவகைச் செருகுநிரல்களை ஆக்கத் தொடங்கினர். இன்று அவை கடைத்தெருச் சரக்குபோல் குவிந்து கிடக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுப்பது என்று மாணவர் திகைக்கின்றனர். ஒவ்வொரு கருவியும் எந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்று தெரிந்துகொண்டால் அத்திகைப்பு நீங்கும்.

கதை பாரிஸ் நகரில் தொடங்குகிறது. 1881ஆம் ஆண்டு, புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலம். அவ்வாண்டில் பாரிசில் மின்னியற் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. கிளெமான் அதேர் என்னும் பொறியியலறிஞர், பாரிஸ் ஓபரா அரங்கின் மேடை முன்புறத்தில் தொலைபேசிக்குரிய ஒலிவாங்கிகளை இடமும் வலமுமாக வரிசையாக அமைத்தார். அவற்றிலிருந்து சென்ற கம்பிகள் இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலிருந்த பொருட்காட்சி மண்டபத்தை அடைந்தன. அங்கே வந்தவர்கள் செவிக்கு ஒன்றாக இரண்டு கேட்புக் கருவிகளை வைத்துக் கேட்டனர். இடச்செவிக்கு மேடையின் இடப்புற ஒலிவாங்கி. வலச்செவிக்கு வலப்புற ஒலிவாங்கி. பாடகர் மேடையில் இடமிருந்து வலமாக நடந்தபோது, அவர் நடப்பது அங்கிருந்தவர்களுக்குச் செவியாலேயே புலப்பட்டது. நாவலாசிரியர் விக்டர் யூகோவும் அவ்வாண்டில் அதனைக் கேட்டு வியந்தவர்களுள் ஒருவர். 'தெயாத்ரோபோன்' என்ற பெயரில் இது 1890 முதல் 1932 வரை பாரிசில் கட்டணச் சேவையாகவே நடைபெற்றது. இன்று ஹெட்போனில் சூழொலி கேட்கும் மாணவர், அறிந்தோ அறியாமலோ, அந்தப் பொருட்காட்சி மண்டபத்தின் வாயிலில்தான் நிற்கிறார்.

இரண்டு செவிகள் இருந்தால் திசை ஏன் தெரிகிறது? இங்கிலாந்தின் ரேலி பிரபு 1907ஆம் ஆண்டில் இதற்குத் தெளிவான விளக்கம் தந்தார். வலப்புறத்தில் எழும் ஒலி வலச்செவியை முதலில் அடைகிறது. தலையைச் சுற்றி இடச்செவியை அடையச் சிறிது நேரம் கூடுதலாகிறது. ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால், அந்நேரம் அதில் ஒரு கூறுக்கும் குறைவு. அந்நுண்ணிய வேறுபாட்டையும் மூளை அளந்துவிடுகிறது. தாழ்ந்த சுரங்களில் இந்த நேர வேறுபாடு துணை செய்கிறது. உயர்ந்த சுரங்களின் அலைநீளம் சிறிதாதலால் தலை அவற்றை மறைக்கிறது. ஆகவே தொலைவிலுள்ள செவியில் உரப்புக் குறைகிறது. அந்த வேறுபாடு அங்கே துணை செய்கிறது. தேர் வீதி முனையில் திரும்புவதற்கு முன்னரே தவிலின் தடித்த ஒலி நம்மை எட்டுவதும், நாதசுரத்தின் கூர்மை தெருவுக்குள் வந்த பிறகே முழுமையாகத் தெரிவதும் இதனை ஒட்டியவையே. தாழ்ந்த ஒலி மூலையைச் சுற்றி வளைந்து வரும். உயர்ந்த ஒலி அவ்வளவு எளிதில் வளையாது.

கட்டடங்களின் ஒலியியலில் நம்மவர் ஒருவரும் நாட்டம் செலுத்தினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளிச்சிதறல் ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெறுவதற்கு முன்னரே இசைக்கருவிகளை ஆராய்ந்தவர்; மிருதங்கத்தின் இசைவான ஒலிக்குக் காரணம் கண்டவர். அவர் 1921இல் இங்கிலாந்து சென்றபோது, இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் குவிமாடத்தில் சுவரோரமாகச் சொல்லும் மெல்லிய சொல் எதிர்ப்புறத்தில் நிற்பவருக்குக் கேட்கும் விந்தையை ஆராய்ந்தார். பீஜப்பூர்க் கோல் கும்பாஸ் போன்ற நம் நாட்டுக் கட்டடங்களின் ஒலியையும் அவ்வாறே ஆராய்ந்து எழுதினார். ஒவ்வோரிடத்திற்கும் தனிக்குரல் உண்டு என்பதை அவர் அளந்து காட்டினார் எனலாம்.

ஒலிக்கு இடம் தரும் கருவிகள் இருபதாம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாகத் தோன்றின. 1931இல் இங்கிலாந்தின் ஆலன் புளூம்லைன், இரட்டைத்தட ஒலிக்கு அடிப்படையான காப்புரிமையை விண்ணப்பித்தார். இன்று 'ஸ்டீரியோ' என்பது அதுவே. 1940இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் 'பேன்டேசியா' படத்திற்கெனப் பொறியியலாளர்கள் ஒரு குமிழை அமைத்தனர். அதனைத் திருப்பினால் ஒரே ஒலி ஓர் ஒலிபெருக்கியிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும். இன்றைய மென்பொருளில் நாம் சுட்டியால் இழுக்கும் திசைக்குமிழ் அதன் வழித்தோன்றலே.

மீண்டும் பாரிஸ். 1951ஆம் ஆண்டில் பிரெஞ்சு வானொலியைச் சேர்ந்த பியேர் ஷேஃபேரும் அவருடன் உழைத்த பொறியியலாளர் ஜாக் புல்லேனும் புதுமை ஒன்று செய்தனர். மேடையில் பெரிய வளையங்கள் நிறுத்தப்பட்டன. அவற்றின் நடுவே நின்று ஒருவர் கையை அசைத்தால், அசைவுக்கேற்ப ஒலி அரங்கில் திசை மாறியது. முன்புறம் இரண்டு, பின்புறம் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று என ஒலிபெருக்கிகள் அமைந்திருந்தன. மேலிருந்து வரும் ஒலியை நேற்றைய கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் இந்த ஆண்டை நினைவிற்கொள்ள வேண்டும். 1958இல் பிரசல்ஸ் உலகப் பொருட்காட்சியில், நம் சண்டிகர் நகரோடு பெயர் பிணைந்து நிற்கும் லெ கொர்பூசியே அமைத்த பிலிப்ஸ் மண்டபத்தில், முந்நூறுக்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகள் சுவரெங்கும் பதிக்கப்பட்டு எட்கார் வரேசின் இசை அவற்றின் வழியே ஓடி உலவியது.

தமிழ்த் திரையுலகும் இப்பாதையில் பின்தங்கவில்லை. 1978இல் இளையராசாவின் இசையில் வந்த 'ப்ரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவாயின. 1986இல் 'மாவீரன்' 70 மில்லிமீட்டர்ப் படமாக ஆறுதட ஒலியுடன் வெளிவந்தது. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியுடனும், 1996இல் 'கறுப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியுடனும் வந்தன. 2012இல் 'சிவாஜி' படத்தின் முப்பரிமாண வடிவம் டால்பி அட்மாஸ் முறையில் வெளியாயிற்று; அம்முறை உலகில் அறிமுகமானதும் அதே ஆண்டில்தான். சென்னையில் இருந்துகொண்டு 'மகாநதி', 'லகான்' முதலிய படங்களுக்குத் தேசிய விருது பெற்ற ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர் 2008இல் மறைந்தார். இப்புதிய முறையைக் கையாள அவருக்கு வாய்க்காமற் போயிற்று.

இனி, கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் வழிக்கு வருவோம். முதலில் எழவேண்டிய கேள்வி, கேட்பவர் எங்கே, எதன் வழியாகக் கேட்கப் போகிறார் என்பது. இதற்கேற்ப மூவகை முறைகள் உள்ளன.

முதலாவது, ஒலிப்பொருள் முறை. பழைய முறையில் இந்த ஒலி இந்த ஒலிபெருக்கியில் என்று முடிவு செய்து பதிவு செய்வார்கள். அட்மாஸ் முதலிய புதிய முறையில் ஒலியையும் அது நிற்கவேண்டிய இடத்தின் குறிப்பையும் தனித்தனியே எழுதி வைக்கின்றனர். 128 தடங்கள் வரை இதில் அடங்கும். அரங்கில் 64 ஒலிபெருக்கிகள் இருந்தாலும், வீட்டில் சிலவே இருந்தாலும், அந்தந்த இடத்துக் கருவி குறிப்பைப் படித்து ஒலியைப் பங்கிட்டுக் கொள்கிறது. திரையரங்கிற்கும், இணையத்தில் இசை வழங்கும் நிறுவனங்களுக்கும் அனுப்ப விரும்புவோர் இவ்வகைக் கருவிகளைக் கொள்ளலாம்.

இரண்டாவது, 'ஆம்பிசோனிக்ஸ்' என்பது. 1970களில் ஆக்ஸ்போர்டில் மைக்கேல் கெர்சன் முதலியோர் வகுத்தது. இதில் தனித்தனி ஒலிபெருக்கி பற்றிய சிந்தனையே இல்லை. கேட்பவரைச் சூழ்ந்த ஒலியுருண்டை முழுவதையும் சில தடங்களில் எழுதிவிடுகின்றனர். அதற்குப் படிகள் உண்டு. படியின் எண்ணோடு ஒன்றைக் கூட்டி, வந்த தொகையை அதனாலேயே பெருக்கினால் வேண்டிய தடங்களின் எண்ணிக்கை கிடைக்கும். முதற்படிக்கு 4, மூன்றாம் படிக்கு 16, ஏழாம் படிக்கு 64. படி உயர உயரத் திசை கூர்மையாகும். கணிப்பொறிக்குச் சுமையும் ஏறும். நான்கு செவிகள் உடையதுபோன்ற ஒலிவாங்கி ஒன்றால் ஓரிடத்தின் ஒலி முழுவதையும் முதற்படியில் அள்ளி வரலாம். திருவிழா, கடற்கரை, சந்தை ஆகியவற்றைப் பதிவு செய்வோர்க்கு இது ஏற்றது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர இசைப் பல்கலைக்கழகத்து ஐ.இ.எம். நிறுவனத்தார் ஆக்கிய தொகுதியும், பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தார் ஆக்கிய 'ஸ்பார்ட்டா' தொகுதியும் இவ்வகையில் இலவசமாகவே கிடைக்கின்றன. பொருள் வசதியில்லாத மாணவர் ஏங்கி நிற்கத் தேவையில்லை. பாரிசில் பியேர் பூலேஸ் நிறுவிய 'இர்க்காம்' ஆய்வகம் பல ஆண்டுகளாக வளர்த்து வரும் 'ஸ்பாட்' என்பதும் இத்துறையில் மதிக்கப்படுவது.

மூன்றாவது, இருசெவி முறை. ஹெட்போனில் கேட்போர்க்கெனச் செய்வது. அதேர் தொடங்கிய வழி இதுவே. ஆனால் இன்று ரேலி கூறியவற்றோடு செவிமடலின் பங்கையும் சேர்த்துக் கணக்கிடுகின்றனர். செவிமடலின் மடிப்புகள், மேலிருந்து வரும் ஒலியை ஒருவகையாகவும் பின்னிருந்து வருவதை வேறுவகையாகவும் மாற்றி உள்ளே அனுப்புகின்றன. ஆயின் என் செவிமடல் வேறு. உங்கள் செவிமடல் வேறு. செருகுநிரலில் பொதிந்திருப்பதோ வேறெவரோ ஒருவரின், அல்லது செயற்கைத் தலை ஒன்றின் அளவு. ஆகவே ஒருவருக்கு முன்னே கேட்பது மற்றொருவருக்குத் தலைக்குள்ளேயே கேட்கக்கூடும். பல அளவுகளுள் தம் செவிக்குப் பொருந்துவதைத் தேர்ந்துகொள்ள இடம் தரும் கருவியையே மாணவர் நாட வேண்டும். செய்து முடித்ததை நண்பர் நால்வருக்குப் போட்டுக் காட்டிய பின்னரே நம்ப வேண்டும்.

இரண்டாம் கேள்வி, கருவி தொலைவை அறியுமா என்பது. திசையை மட்டும் மாற்றும் கருவிகள் பல. நாதசுரம் தெருக்கோடியில் இருக்கிறது என்று காட்டத் திசை மட்டும் போதாது. திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலியின் அழுத்தம் பாதியாகும். உயர்ந்த சுரங்களைக் காற்று சற்றே உறிஞ்சிவிடும். நேரே வரும் ஒலி குறைந்து, சுவர்களில் பட்டு வரும் ஒலியின் பங்கு மிகும். இம்மூன்றையும் ஒருங்கே மாற்றவல்ல கருவியே ஊர்வலத்தை நடக்க வைக்கும்.

மூன்றாம் கேள்வி, எல்லாத் தடங்களையும் ஒன்றாகக் கையாளுமா என்பது. உரப்பைக் கட்டுப்படுத்தும் 'கம்ப்ரஸர்' ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆம்பிசோனிக்ஸ் தடங்கள் நான்கும் தமக்குள் கொண்டுள்ள விகிதத்தில்தான் திசை பொதிந்துள்ளது. அக்கருவி ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே அழுத்தினால் விகிதம் கெடும். தவில் ஓங்கி முழங்கும்போதெல்லாம் நாதசுரக்காரர் இடம் பெயர்ந்து தள்ளாடுவார். தடங்களைப் பிணைத்து ஒரே அளவில் அழுத்தும் கருவியே இங்கு ஏற்றது. தடங்களின் வரிசையிலும் விழிப்பு வேண்டும். பழைய வரிசை ஒன்று, புதிய வரிசை ஒன்று என இரண்டு வழக்கில் உள்ளன. புதிய வரிசையில் எழுதியதைப் பழைய வரிசையில் படித்தால், இடப்புறத்திலிருந்து வரவேண்டிய ஒலி முன்புறத்திலிருந்து வரும். இது கருவியின் குற்றமன்று. கையாள்பவர் குறிப்பைப் படிக்காத குற்றம்.

நான்காம் கேள்வி, கருவி நிலைக்குமா என்பது. இலவசமாகப் பலர் கையாண்ட தொகுதிகளை அவற்றை வெளியிட்டவர்களே பின்னர்க் கைவிட்டதும் உண்டு. அப்போது பழைய வேலைகளைத் திறக்க வழியின்றி இடர்ப்படுவர். மூலப் பதிவையும், முடிந்த கலவையையும் பொதுவடிவில் தனியே எழுதி வைப்போர்க்கு இந்த இடர் இல்லை.

இந்நான்கும் கைத்திறன் பற்றியவை. பெரியவரின் கேள்வி இவற்றுக்கு அப்பாற்பட்டது. "இது எந்த ஊர்?" என்றார் அவர். இதற்கு விடை எதிர்முழக்கத்தில் இருக்கிறது.

எதிர்முழக்கத்தை அளந்து அறிவியலாக்கியவர் அமெரிக்காவின் வாலஸ் சபைன். ஆர்வர்டு பல்கலைக்கழகத்து விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சு விளங்கவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, 1895இல் அவர் அதனை ஆராயப் புகுந்தார். ஊர் உறங்கிய இரவு நேரங்களில், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து அடுக்கி, ஆர்கன் குழாய் ஒன்றை ஒலித்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். கூடத்தின் கனஅளவு பெருகினால் அந்நேரம் நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு மிகுந்தால் குறையும். அவர் கண்ட இவ்விதியின் துணைகொண்டே 1900இல் பாஸ்டன் நகரின் இசையரங்கம் எழுந்தது.

நூறாண்டு கழிந்த பின்னர், ஓரிடத்தின் எதிர்முழக்கத்தையே பதிவு செய்து எடுத்துச் செல்லும் வழி கைகூடியது. ஒரு கூடத்தில் வெடிப்பொலி ஒன்றையோ, தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரத்திற்கு ஏறும் ஒலி ஒன்றையோ எழுப்பி, அக்கூடம் தரும் மறுமொழியைப் பதிவு செய்கின்றனர். அம்மறுமொழியை வேறெந்த இசையோடும் கணித முறையில் பெருக்கிச் சேர்த்தால், அவ்விசை அக்கூடத்தில் பாடியதுபோல் ஒலிக்கும். 2001இல் வெளிவந்த 'ஆல்ட்டிவெர்ப்' என்னும் செருகுநிரல் இதனை எளிதாக்கியது. ஆக்கியோர் நெதர்லாந்து நாட்டினர். இவ்வகைக் கருவிகளைச் செய்தோர் தமக்கு எட்டிய இடங்களையே முதலில் பதிவு செய்தனர், அதில் தவறில்லை. ஆனால் அப்பட்டியலை அப்படியே ஏற்றுக்கொண்டு, தெருவில் பிறந்த நாதசுரத்தை நான் கொண்டுபோய் அயல்நாட்டுக் கற்கூடத்தில் அடைத்தேனே, அதுதான் தவறு. மாதாகோயிலின் எதிர்முழக்கமே வேண்டுமாயினும் நம் நகரில் இல்லாமலில்லை. 1907இல் கட்டி முடிந்த திரு இருதய ஆண்டவர் பேராலயத்தின் உயர்ந்த வளைவுகளுக்குக் கீழே நின்று ஒருமுறை கையைத் தட்டிப் பாருங்கள். அங்குப் பாடும் பாட்டுக்கு அந்த முழக்கம்தான் உரியது.

இடத்தின் குரல் என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. நம் கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நின்ற மேரி கட்டடம், 2014 நவம்பரில் பெய்த மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பெற்று 2021இல் திறக்கப்பட்டது. தூண்களையும் சாளரங்களையும் படத்தைப் பார்த்துத் திரும்ப எழுப்பலாம். கூடத்தின் எதிர்முழக்கத்தைப் புகைப்படத்திலிருந்து எடுக்க இயலுமா? பாரிஸ் நோத்ர் தாம் பேராலயம் 2019 ஏப்ரலில் தீக்கு இரையானபோது, 2013இலேயே பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் அதன் ஒலியை அளந்து வைத்திருந்தது தெரிய வந்தது. பேராலயத்தைப் புதுப்பித்து 2024 டிசம்பரில் திறக்கும்வரை, பழைய குரல் எப்படி இருந்தது என்று சொல்ல அவ்வளவைகள் இருந்தன. ஆறாண்டுகளுக்கு முன் சிலர் எடுத்துக்கொண்ட சிறு உழைப்பின் பயன் அது.

இதையெல்லாம் படித்தபின் மறுபடியும் வில்லியனூர் சென்றேன். ஊர் விழித்தெழாத விடியற்காலையில், தெருவிலுள்ளோரிடம் முன்னதாகவே சொல்லி வைத்து, தேரோடும் வீதியில் நான்முக ஒலிவாங்கியை நிறுத்திச் சில பலூன்களை உடைத்தேன். கேட்டதோ மிகக் குறுகிய ஒலி. திறந்த தெருவாதலின் ஒலியின் பெரும்பகுதி வானத்திற்குப் போய்விடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சிறு துடிப்புகள் மட்டும் விரைந்து ஓடி அடங்குகின்றன. திண்ணையும் தாழ்வாரமும் உள்ள வீட்டின் முன்னே ஒருவகை. புதிய சிமெண்டுச் சுவரின் முன்னே வேறுவகை. ஓராயிரம் பேர் கூடி நின்றால் இன்னும் வேறு. மக்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும். இம்மறுமொழிகளை இலவசச் செருகுநிரல் ஒன்றில் இட்டு, நாதசுரத்தைத் தெருக்கோடியிலிருந்து மெல்ல நடத்தி வந்தேன்.

முதலிற் செய்த கலவையின் கம்பீரம் இதில் இல்லை என்பது உண்மை. பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் முன்போலவே கண்ணை மூடிக் கேட்டார். பாதியில் தலையைச் சற்றே இடப்புறம் திருப்பினார். "ஐயா, எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "இரு தம்பி, தேர் திரும்புகிறது" என்றார்.

மாணவ நண்பர்களே! விலையுயர்ந்த கருவி இல்லையே என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. வேண்டியவற்றுள் பெரும்பாலானவை செலவின்றிக் கிடைக்கும் காலம் இது. ஒரு செருகுநிரலைத் தேடுமுன், உங்கள் இசை எந்த இடத்தில் பிறந்தது, யார் எங்கிருந்து அதனைக் கேட்டார்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடத்திற்குச் செல்லுங்கள். கோயில் பிராகாரம், மாதாகோயில், பள்ளிக்கூடத்து மண்டபம், பாட்டன் வீட்டுத் தாழ்வாரம் ஆகிய இடங்களில் உரியவர்களின் இசைவைப் பெற்றுக்கொண்டு, கையைத் தட்டியோ பலூனை உடைத்தோ அதன் மறுமொழியைப் பதிவு செய்து, நாளும் இடமும் குறித்து வையுங்கள். அக்கட்டடங்களுள் எதனை எந்த மழை கொண்டுபோகும் என்று யாரால் சொல்ல முடியும்? அவை நிற்கும்போதே அவற்றின் குரலைக் கேட்டு வைத்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.